கோழி மிதித்த குஞ்சு

கண்ணு,

சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீ சௌக்கியமாக இல்லை என்பது இன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. போன முறை வளையல்காரர் வந்தபோது நீ அவரிடம் சொல்லியனுப்பிய சேதியை நான் கோழியைப் பற்றிய சேதி என்றே எடுத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே பதிலும் சொல்லியனுப்பினேன். அந்தப் பதிலை நீ நம்பிவிட்டாய் என்றும், அதை நம்பி இந்த மலையை விட்டே இறங்கப் பார்க்கிறாய் என்றும் இப்போது கேள்விப்படுகிறேன். அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் நீயே கூட்டிப் படித்துக்கொள். வெளியே மழை பிடித்திருக்கிறது. வளையல்காரர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மழை விட்டதும் இந்தக் கடிதத்தோடு உன்னிடம் திரும்பி நடப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும் எழுதுகிறேன். மனசில் இருப்பதை எல்லாம் எழுதுகிறேன், ஏனென்றால் சுருக்கமாகச் சொல்லியனுப்பித்தான் இந்தக் கதி வந்தது.

அன்றைக்கு நான் முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். வளையல்காரர் பெட்டியை இறக்கி வைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஏனுங்கம்மா, உங்க பையன் ஒரு சேதி சொல்லச் சொன்னாருங்க. கோழி குஞ்சை மிதிக்குதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லுங்கன்னாரு" என்றார். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "அவ்வளவுதானுங்க. மாமனாரு பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாருங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையையும் அவர் சொன்னார், கண்ணு. என் காதில்தான் அது விழவில்லை. உன் கல்யாணத்தில் நான் கொடுத்துவிட்டேனே சாம்பல் கோழி, காலில் மயிர் வைத்து தொம்தொம் என்று நடக்குமே, என் புத்தி நேராக அதனிடம் ஓடிவிட்டது. நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கோழியைக் குறை சொல்கிறான் பார், பெண்டாட்டி வீட்டுச் சோறு வாயைத் திறக்க வைத்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் ரோசம்கூட வந்தது.

பிறகு அவரை உட்கார வைத்து உனக்குப் பாடம் நடத்தினேன். கோழி சும்மா மிதிக்காது, பருந்து நிழல் விழுந்தால்தான் மிரண்டு மிதிக்கும், அதனால் பருந்துக்கு முதலில் வழி பண்ணச் சொல்லுங்கள் என்றேன். பனி விலகி வெயில் முகம் காட்டுகிற நேரத்தில் குஞ்சுகளை வெளியே விடக் கூடாது, பருந்துக்கும் அப்போதுதான் பசி. கூடையைப் போட்டு மூடி அதன் மேல் கல் வைக்க வேண்டும் என்றேன். முற்றத்து ஓரமாக இலந்தை முள்ளைக் குவித்து வைத்தால் குஞ்சு அதற்குள் நுழைந்துகொள்ளும், பருந்து இறங்காது என்றேன். பலா மரத்தில் கரிச்சான் கூடு கட்டியிருந்தால் கலைத்துவிடாதே, கையளவுகூட இல்லாத அந்தக் கறுப்புக் குருவி பருந்தின் முதுகிலேயே ஏறிக் கொத்தி விரட்டும் என்றேன். செத்த காக்கையைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவது, பழைய முறத்தைத் தட்டுவது என்று எனக்குத் தெரிந்ததில் ஒன்றையும் விடவில்லை. வளையல்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டினார். எல்லாம் முடித்துவிட்டு, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமான்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க. பொறுத்துக்கிட்டு இருக்கச் சொல்லுங்க" என்றேன். "நீங்க சொன்ன அத்தனையும் எனக்கு எங்கிங்க நெனப்பிருக்கும்? அந்தக் கடைசியாச் சொன்னீங்களே, அதை மட்டும் சொல்லிப்போடறேன்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பருந்தைப் பற்றி நான் சொன்ன எதுவும் உன்னிடம் வந்து சேரவில்லை. அந்த ஒரு பழமொழி மட்டும் வந்து சேர்ந்தது.

அந்தப் பழமொழி என் வாயில் எத்தனை முறை வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். நீ சின்னவனாக இருந்தபோது மாட்டைச் சாமைக் காட்டுக்குள் விட்டுவிட்டாய் என்று உன் அப்பா வெளுத்தபோது, நீ ஓடி வந்து என் பின்னால் ஒளிந்தாய். நான் உன்னை முன்னால் தள்ளிவிட்டு அதைத்தான் சொன்னேன். உன்னை மாமன் வீட்டுக்கு அனுப்பும்போதும் அதையேதான் சொன்னேன். நீ போக மாட்டேன் என்று சொல்லவில்லை. உன் அப்பாதான் முணுமுணுத்தார். "உங்கண்ணனுக்கு எப்பவும் கை முந்தும், வாய் பிந்தும். பையன அங்க கொண்டுபோயி உடறயே, யோசிச்சியா புள்ள?" என்றார். தாய்மாமன் அடித்தால் அது அடியா, கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று அவர் வாயை அடைத்தேன். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் போதும், வீட்டில் யார் பேச்சையும் நிறுத்திவிடலாம்.

நான் ஏன் உன்னை அங்கே அனுப்பினேன் என்று உனக்கு நேராகச் சொன்னதே இல்லை. கங்காணிக்குப் பயந்துதான் அனுப்பினேன், சாமி. அந்த வருஷம் கீழேயிருந்து கங்காணி நம் மலையின் ஆலத்தூர் நாட்டுக்கு ஏறி வந்தானே, வெல்லமும் புதுச் சட்டையும் காட்டி, தேயிலைத் தோட்டத்துக்கு வாருங்கள், குளிருக்குக் கம்பளி தருவார்கள் என்று வயசுப் பையன்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேசினானே, நீயும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். மேலக்காட்டுக்காரர் மகன் அவன் பின்னால் போனான். கம்பளி மட்டும் திரும்பி வந்தது. அதை அவன் அம்மா முகர்ந்து பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் அண்ணனுக்கு ஒரே பெண், ஆண் வாரிசு இல்லை, அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், நிலம் ஆள் இல்லாமல் கிடந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாக வரட்டும் என்று அவர் கேட்டதும் நான் சாமி வரம் கொடுத்தது என்றே நினைத்தேன். மலைக்கு அந்தப் பக்கம் திண்ணனூர் நாட்டுக்குள் தாய்மாமன் வீட்டில் இருக்கிறவனை எந்தக் கங்காணி தொட முடியும் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பனி அப்போதுதான் மேட்டை விட்டு ஏறிக்கொண்டிருந்தது. செவலைக் கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. கூடைக்குள்ளேயே அடைத்து வைத்தால் காலில் பலம் பிடிக்காது என்று கொஞ்ச நேரம் திறந்துவிட்டேன். நான் முறத்தோடு ஒரு பக்கம், உன் அப்பா கவணோடு ஒரு பக்கம். பருந்து பாறைக்கு மேலே வட்டம் போட ஆரம்பித்தது. கோழி கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுத்தது. குஞ்சுகள் சிதறி ஓடின. சில முள்ளுக்குள் போய்விட்டன, சில திரும்பித் தாயிடமே ஓடி வந்தன. பருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு கல் விழுவதைப் போல வந்தது. நான் முறத்தை வீசினேன், அப்பா கவணைச் சுழற்றி விட்டார், கரிச்சானும் எங்கிருந்தோ கத்திக்கொண்டு பாய்ந்தது. கோழி இரண்டு இறக்கையையும் விரித்து அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குதித்தது. பருந்து முறத்தில் அடிபட்டுத் திரும்பி, தாழப் பறந்து, பலா மரத்துக்கு மேலே போய்விட்டது. "வெறுங்காலோட போறான் பாரு" என்று உன் அப்பா சிரித்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த வயசிலும் பருந்தை ஏமாற்றி அனுப்பிவிட்டோமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் பெருமை.

முள்ளுக்குள் இருந்தவற்றைக் கூப்பிட்டுச் சேர்த்தேன். ஒன்று குறைந்தது. "அவன்தான் வெறுங்காலோட போனானே, என் கண்ணால பாத்தேனே" என்றார் அப்பா. வேலி ஓரம் பார்த்தோம், விறகுக்கு அடியில் பார்த்தோம். கோழி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அதைத் தூக்கினேன். அதன் காலடியில் குஞ்சு கிடந்தது. மண்ணோடு மண்ணாகத் தட்டையாகக் கிடந்தது. கையில் எடுத்துப் பருந்து நகம் பட்ட இடத்தைத் தேடினேன். ரத்தம் இல்லை, கீறல் இல்லை. முதுகில் ஒரு அழுத்தம் மட்டும் இருந்தது. "கவண் கல்லு பட்டிருக்கும். கோழி மிதிச்சு எந்தூர்லயும் குஞ்சு சாகாது புள்ள" என்றார் உன் அப்பா. நான் கோழியின் காலைப் பிடித்து அந்த அழுத்தத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் சரியாக இருந்தது.

ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோழி வளர்க்கிறேன். எத்தனையோ குஞ்சுகள் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பருந்து என்பேன், பூனை என்பேன், குளிர் என்பேன். ஒரு தடவைகூடக் கோழியின் காலைத் தூக்கிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை, ஏனென்றால் அது நடக்காது என்றுதான் பழமொழி இருக்கிறதே. இதைவிட மோசம் என்ன தெரியுமா? நான் கீழே விட்டதும் அந்தக் கோழி மண்ணைக் கிளறி ஒரு தானியத்தை எடுத்துப் போட்டு, என் கையில் இருந்த குஞ்சைப் பார்த்து, தின்ன வா வா என்று கொக்கரித்தது. தான் என்ன செய்தோம் என்று அதற்குத் தெரியவே இல்லை. குஞ்சைக் காப்பாற்றிவிட்டோம் என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உன் சேதி நினைவுக்கு வந்தது. கோழி குஞ்சை மிதிக்கிறது. நீ தவழ்ந்த நாளிலிருந்து கோழிகளுக்கு நடுவில் கிடந்தவன். கோழி மிதிக்கிறது என்று ஒரு மலையைத் தாண்டி ஆள் சொல்லி அனுப்புகிறவனா நீ? மாமனார் பக்கத்திலேயே நின்றார் என்று வளையல்காரர் சொன்னது காதில் இப்போது விழுந்தது. "ஏனுங்க, நம்ம பையன் கோழியச் சொல்லலீங்க. எங்கண்ணனச் சொன்னானுங்க" என்றேன். உன் அப்பா கவணைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

நாங்கள் அப்படி நிற்கும்போதே மழை வந்தது. மழைக்கு ஒதுங்க வளையல்காரரும் வந்தார். உங்கள் பக்கமெல்லாம் விற்றுவிட்டுக் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தவர். பெட்டியை இறக்குவதற்கு முன்பே, "எம்பையன் எப்படி இருக்கானுங்க? கண்ணால பாத்ததைச் சொல்லுங்க" என்று கேட்டேன். "ஊட்டு விசயமுங்க, நான் எப்படிங்க சொல்லறது" என்று தயங்கினார். செத்த குஞ்சு இன்னும் என் கையில் இருந்தது. அதைப் பார்த்தாரோ என்னவோ, சொல்லிவிட்டார். "முதுகுல தார்க்குச்சி அடிங்கம்மா. மாடு ஓட்டற குச்சிங்க. பலாப்பழ மூட்டையோட வழுக்கி உழுந்துட்டாருன்னு, மாமனாரு எல்லாரும் பாக்க அடிச்சாராமுங்க. ரெண்டு நாளாக் காய்ச்சலுங்க. மாட்டுக்கொட்டாயிலதான் படுக்கறாரு. உங்க மருமவதான் அப்பனுக்குத் தெரியாம வெளக்கெண்ணெய் தடவி உடறாளுங்க." நான் சொன்ன பதிலை உன்னிடம் சொன்னாரா என்று கேட்டேன். "சொன்னனுங்க. தம்பி சிரிச்சாருங்க. எங்கம்மாவா அப்படிச் சொன்னாங்கன்னு ரெண்டு தரம் கேட்டாரு. அப்பறம், கங்காணி எந்தச் சந்தைக்கு வர்றாருன்னு கேட்டாருங்க."

கண்ணு, யாருக்குப் பயந்து உன்னை அங்கே கொண்டுபோய் விட்டேனோ, அவனிடமே உன்னை நான் என் வாயால் துரத்திவிட்டிருக்கிறேன். பருந்துக்குப் பயந்து மேலே மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது. இந்தக் கடிதம் வருவதற்குள் நீ கிளம்பிவிடுவாயோ என்ற பயம். நீ கேட்டது உதவி. நான் உனக்கு மறுக்கவில்லை. நீ கேட்டதே எனக்குத் தெரியவில்லை. இதை மட்டும் நீ நம்ப வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே புடைத்துக்கொண்டிருந்த சாமையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன்.

இனிமேல் யாரிடமாவது வலிக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தால் வலிக்கிறது என்றே சொல். பக்கத்தில் யார் நின்றாலும் சொல். ஆண்பிள்ளை, கல்யாணமானவன், அம்மாவிடம் போய் அடிக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பாய். அந்த வெட்கத்தை உனக்குக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். மாமனை எதிர்த்துக் கை நீட்டு என்று நான் சொல்லவில்லை. அவர் கெட்டவர் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் சின்னவளாக இருந்தபோது காட்டாற்றில் வெள்ளம் வந்தால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தவர் அவர். எங்கள் அப்பா அவரை இதே தார்க்குச்சியால்தான் அடிப்பார். எங்கள் அம்மா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு இதே பழமொழியைத்தான் சொல்வாள். அவர் சாகாமல் பிழைத்துக்கொண்டார். அதனால் யாரும் சாக மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உன்னை ஆளாக்குகிறோம் என்றே அவர் நம்புகிறார். நம்பட்டும். நீ அங்கே இருக்க வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது இதுதான். கடிதம் கிடைத்ததும் காய்ச்சல் விட்டிருந்தால் வளையல்காரரோடு கிளம்பு. விடாமல் இருந்தால் கொட்டகையிலேயே படுத்திரு, நாளைக்கு நான் வந்துவிடுவேன். உன் பெண்டாட்டியைக் கூப்பிடு. அவளும் அதே காலடியில் இருக்கிறவள்தான். அப்பனைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அழுதால் இழுக்காதே, திட்டாதே, அவளோடு நான் பேசுகிறேன். உன் அப்பா மழை விடுவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு கங்காணி வருகிற காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு இறங்கிவிட்டார். கங்காணி தங்குகிற இடத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், நீ அங்கே வந்தால் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மலையை விட்டுப் போகவே வேண்டும் என்று உனக்கு ஆசையாக இருந்தால் பிறகு போகலாம். நம் வீட்டில் படுத்து எழுந்து, முதுகு ஆறி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன். அழுவேன், அது வேறு விஷயம். அம்மாவும் கைவிட்டுவிட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே, சாமி.

மழை குறைந்துவிட்டது. வளையல்காரர் பெட்டியைத் துணியால் மூடுகிறார். நனையாமல் இருக்க வாழை இலையில் சுற்றித் தருகிறேன். ஒளித்துக் கொடுங்கள் என்று அவரிடம் சொல்லப் போவதில்லை. அந்த வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அண்ணன் இதைப் பிடுங்கினாலும் உன் கையில்தான் திருப்பிக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் படி. முதலிலிருந்து படி, ஒரு வரியும் விடாதே, குரலைத் தாழ்த்தாதே. இனி வருவது அவருக்கு. இதை அவர் முகத்தைப் பார்த்துப் படி.

அண்ணா, நாளைக்கு நான் உங்கள் வாசலுக்கு வருகிறேன். எனக்கு உலை வைக்க வேண்டாம், பாய் போட வேண்டாம். தங்கச்சி வருகிறாள் என்று நினைக்காதீர்கள். இப்போது உங்கள் எதிரில் நின்று இதைப் படிக்கிறானே, அவனுடைய அம்மா வருகிறாள்.